மாறிப்போன மூட்டை

அவளை எல்லாத் துறைமுகங்களிலும் ஐஸ்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐஸ் ஃபேக்டரியிலோ மீன் வைக்கும் குளிர் அறையிலோ கம்ப்ரஸர் மக்கர் பண்ணினால் அவளுக்குத்தான் ஆள் போகும். பஸ்ஸில் ஸ்பேனர் பெட்டியையும் கேஸ் சிலிண்டரையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றி இறக்கி அலுத்துப்போய், புருஷனோடு சேர்ந்து ஒரு பழைய மோட்டார் படகை வாங்கிவிட்டாள். படகை அவன் ஓட்டுவான், சமைப்பான், துணி துவைப்பான். "அம்மா மெக்கானிக், அப்பா மத்த எல்லாம். வெட்டியா இருக்கறது நீங்க ரெண்டு பேருதான்" என்று பிள்ளைகளிடம் சொல்வான்.

ஆறு வயது மகளுக்கு அதில் உடன்பாடு கிடையாது. அப்பா கயிற்றை ஒழுங்காகக் கட்டினாரா என்று பார்ப்பது, அம்மா சாப்பிட்டாளா என்று விசாரிப்பது, இறங்கிய ஊரில் கக்கூஸ் எங்கே என்று முதல் ஆளாகக் கண்டுபிடிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. அதனால் அவள் பெயர் கலெக்டர். நான்கு வயதுத் தம்பி நேர் எதிர். படகு ஆடினாலும் தூங்குவான், நின்றாலும் தூங்குவான். தலையோடு போர்த்திக்கொண்டு சுருண்டு கிடப்பதால் அவன் மூட்டை.

ஒரு ஊரில் ஐஸ் ஃபேக்டரியை ஒட்டி ஒரு தையல் கடை இருந்தது. "பிள்ளைங்க இங்க இருக்கட்டும்க்கா. அந்த இரைச்சல்ல எதுக்கு?" என்றாள் டெய்லரம்மா. அவளுக்கும் மூட்டை வயதில் ஒரு பையன். கம்ப்ரஸர் காலையிலிருந்து மத்தியானம் வரை முரண்டு பிடித்துவிட்டு, ஒருவழியாக உறுமத் தொடங்கியது.

புருஷன் பிள்ளைகளை அழைத்துப்போக வந்தான். தையல் மேஜைக்கடியில், பூப்போட்ட போர்வைக்குள் ஒரு மூட்டை கிடந்தது. அள்ளித் தோளில் போட்டுக்கொண்டான். டெய்லரம்மா ஊசியில் நூல் கோத்தபடி தலையாட்டி விடைகொடுத்தாள்.

"கலெக்டரம்மா, எல்லாரும் ஏறியாச்சா?"

"ரெண்டு பேரும் ஏறியாச்சுப்பா."

படகு நடுக்கடலுக்கு வந்தபோது போர்வை எழுந்து உட்கார்ந்தது.

"மாமா, இதுல ஹாரன் இருக்கா?"

அவன் திரும்பிப் பார்த்தான். படகு ஒரு வளைவு வளைந்து நேரானது. "ஏய், இங்க வா. இது நம்ம பிள்ளையா பாரு."

ஐஸ்காரம்மா கையில் கிரீஸோடு வந்து பார்த்தாள். "நம்ம பிள்ளை இவ்வளவு பேசாதே."

விசாரணை கலெக்டர் பக்கம் திரும்பியது. "ரெண்டு பேரும் ஏறியாச்சுன்னு சொன்னியேடி?"

"ரெண்டு பேருதானேம்மா ஏறினோம்? நானும் இவனும்."

"தம்பி எங்க?"

"கடையில தூங்கறான். படகுல வந்தாலும் தூங்கத்தான் போறான். இவன் பாவம்மா, படகையே பாத்துக்கிட்டு நின்னான். நான்தான் போர்வையைக் குடுத்துப் படுக்கச் சொன்னேன். அடுத்த தடவை வரும்போது மாத்திக்கலாம்."

ஐஸ்காரம்மா அவள் காதைத் திருகப் போனாள். கூடவே சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்ததில் தன் மேலேயே கோபம் வந்தது. புருஷன் படகைத் திருப்பினான். திரும்பும் வழியெல்லாம், ஹாரன் இல்லாத குறைக்கு, அந்தப் பையனுக்காக வாயாலேயே அடித்துக்கொண்டு வந்தான்.

டெய்லரம்மா அதே இடத்தில் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். "என்னக்கா, எதையாவது மறந்துட்டீங்களா?"

"ஆமா. பிள்ளையை."

டெய்லரம்மா சிரித்தாள். அப்புறம்தான் ஐஸ்காரம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற தன் மகனைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. மூலையில் குவிந்திருந்த வெட்டுத்துணிகளின் மேல் ஒரு உருவம், பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு தூங்கியது. ஓடிப்போய்ப் புடவையை விலக்கினாள். மூட்டை, வெளிச்சம் பட்டதும் முகத்தைச் சுளித்துப் புரண்டு படுத்தான்.

"நான்தான் போர்த்திவிட்டேன்" என்றாள் மெதுவாக. "தட்டிக்கூடக் குடுத்தேன்."

யார் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. பாக்கி இருந்தது அந்தப் பையன்தான். டெய்லரம்மா கையை ஓங்கினாள்.

"அம்மா, அங்கேருந்து பாத்தா நம்ம கடை இல்லவே இல்ல" என்றான் அவன். "ஊரே இல்ல."

ஓங்கிய கை இறங்கியது. அவள் வாசலுக்கு வந்து கடலைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைப் பார்த்தபடிதான் தைக்கிறாள். காலை நனைத்ததோடு சரி.

"நீங்களும் வாங்களேன்" என்றாள் ஐஸ்காரம்மா. "அடுத்த ஊர்ல இறங்கி பஸ்ஸுல திரும்பிடலாம்."

"பாவாடைக்கு விளிம்பு அடிக்கணுமேக்கா."

"கைத்தையல்தானே? எடுத்துக்கிட்டு வாங்க."

டெய்லரம்மா ஷட்டரை இழுத்துவிட்டாள். படகில் பாவாடை மடியில் கிடந்ததே தவிர ஒரு தையல்கூட விழவில்லை. மூட்டை அவள் மேல் சாய்ந்து தூங்கினான்.

அடுத்த ஊரில் இறங்கியதும் அவள் பஸ் ஸ்டாண்டை விசாரிக்கவில்லை. இங்கே தையல் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டாள். எல்லோரும் பின்னால் போனார்கள். உள்ளே போய், தொங்கிய சட்டை ஒன்றின் பட்டன் ஓட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"காஜா சுமார்தான்" என்றாள், பரம திருப்தியாக.