முறையான வழியில் ஓர் ஆட்சேபம்

காது சரியாகக் கேளாத பிள்ளை பக்கத்துப் பள்ளியில் படிப்பதா, சிறப்புப் பள்ளிக்குப் போவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளையின் தரப்புக்கே உண்டு, பள்ளிக்கு இல்லை என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் முப்பத்தொன்றாம் பிரிவு. என் தங்கை மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அந்தச் சட்டம் பிறக்கவே இல்லை. ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பில் அப்போது நடப்பில் இருந்தது தலைமையாசிரியையின் விருப்பம் மட்டும்தான்.

தங்கைக்கு வலது காது கேட்காது. இடது காது அரைகுறை. முதல் பெஞ்சில் உட்கார்ந்து டீச்சரின் வாயைப் பார்த்தே பாடம் படித்தாள். மற்ற பிள்ளைகளுக்கு இடைஞ்சல் என்று சொல்லி, அவளை எங்கோ தொலைவில் விடுதியோடு இருந்த சிறப்புப் பள்ளிக்கு அனுப்பச் சொன்னார் தலைமையாசிரியை.

அப்பா ஆட்சேப மனு எழுதினார். பள்ளியிலேயே நேராகக் கொடுத்திருக்கலாம். அவரோ தொழிற்சாலைப் பழக்கத்தில், தலைப்பில் 'முறையான வழியில்' என்று எழுதித் தன் ஃபோர்மேனிடம் நீட்டினார். பள்ளியை நடத்தியதும் தொழிற்சாலை நிர்வாகமே. ஃபோர்மேனுக்கும் நிர்வாகத்துக்கும் நடுவே எத்தனையோ மேசைகள்.

பாடியிலிருந்து வேலைக்கு வரும் அப்பாவின் நண்பர் வீடு தேடி வந்து சிரித்தார்.

"இன்னா நைனா, லீவு லெட்டரா இது? பெத்த பொண்ணு படிக்கறதுக்கு ஃபோர்மேன் கையெழுத்து கேட்டுகினு கீறே!"

"நல்லாக் கேளுங்கண்ணே," என்றாள் அம்மா. "நேராப் போய் நாலு வார்த்தை கேக்க இவருக்கு வாய் வராது."

"முறைப்படி போகட்டும்," என்றார் அப்பா.

அவர் பயந்தாங்கொள்ளி என்று நான் முடிவு கட்டினேன். மாற்றுச் சான்றிதழ் தயாராக இருந்தது. ஆனால் மனு நிர்வாகத்திடம் இருக்கையில், பதில் வராமல் அதைக் கொடுக்கத் தலைமையாசிரியைக்குத் துணிச்சல் இல்லை.

"பதில் வந்துச்சா சார்?" என்பார் அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம்.

"இன்னும் வரலைங்க மேடம்."

நினைவூட்டல் கடிதமாவது போடுங்கள் என்று அம்மா மன்றாடினாள். "பெரியவங்களை அவசரப்படுத்தக் கூடாது," என்று செய்தித்தாளை விரித்துக்கொண்டார் அப்பா. தங்கை நான்காம் வகுப்புக்குப் போனாள். பிறகு ஐந்தாம் வகுப்பு. அதே முதல் பெஞ்ச்.

கோப்பு நகராதவரை தங்கையும் நகர வேண்டியதில்லை என்ற கணக்கு எனக்குப் புரிவதற்கு, நானே ஒரு பணிக்காலம் முழுவதும் கோப்புகளுக்கு நடுவே உட்கார வேண்டியிருந்தது. அன்று நான் கண்டதெல்லாம், மனுவை நிராகரித்த பதிலைப் படித்துவிட்டு அப்பா சிரித்ததுதான். எனக்கு அவமானமாக இருந்தது. தங்கையை உடனே சிறப்புப் பள்ளிக்கு மாற்றும்படி உத்தரவிட்ட அந்தப் பதில், ஐந்தாம் வகுப்போடு முடியும் அந்தப் பள்ளியில் அவள் தேறி, பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிறகு, ஜூன் பதினெட்டாம் தேதி வந்து சேர்ந்தது.