சுட்ட சோக் கம்பி

எமர்ஜென்சி முடிந்த வருஷம். மட்டாஞ்சேரியில் என் கணவர் நடத்தும் கார் ஒர்க்‌ஷாப்பில் அவருக்குக் கையாள் நான்தான். மிளகு வியாபாரி ஒருவரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஒரு நாள் காலையில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அன்று மாலை அவர் மகனின் கல்யாண ஊர்வலம் அதில்தான்.

பேட்டரி புதிது. ஆனாலும் எஞ்சின் முனகியதே தவிர ஓடவில்லை.

"ஸ்டார்ட்டர் மோட்டார் போச்சு, கழட்டணும். இன்னொரு தடவை அடிச்சுப் பாரு" என்றார் இவர்.

எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக் குமிழை இழுத்தபடி சாவியைத் திருப்பினேன். பிடித்திருந்த குமிழ் கையைச் சுட்டது. பானட்டுக்குள் புகை!

"போதும், போதும்! சோக் கம்பி பழுக்குது!" என்று கத்தினேன். அந்தக் கம்பி போய்ச் சேருவது பெட்ரோல் நிற்கும் கார்புரேட்டரில். இவர் பாய்ந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினார்.

"மோட்டாரைத் தொடாதீங்க சேட்டா" என்றேன் இவரிடம். " கரண்டு திரும்ப வேற வழியில்லாம இந்தக் கம்பியில ஓடுது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கிற எர்த் பட்டையைப் பாருங்க."

பார்த்தார். மழைக்கு முன்னால், உப்புக் காற்றுக்குப் பயந்து எங்கள் ஊரில் காரின் அடியெல்லாம் கறுப்புப் பெயிண்ட் பூசுவார்கள். இந்தக் காரில் பெயிண்டின் மேலேயே எர்த் பட்டையை முடுக்கியிருந்தார்கள். பெயிண்ட் கரண்டை மறித்திருந்தது; அதைச் சுரண்டிவிட்டு முடுக்கினோம். ஒரே திருப்பலில் எஞ்சின் உறுமியது.

மாலையில் ஊர்வலம் எங்கள் வாசலைக் கடந்தபோது, "கண்டுபிடிச்சது இவளாக்கும்!" என்று தெருவுக்கே சொன்னார் இவர்.

இப்போதெல்லாம் ஸ்டார்ட் ஆகாத வண்டி எது வந்தாலும் முதலில் எர்த் பட்டையைத்தான் பார்க்கிறோம். நான் தலையாட்டிய பிறகுதான் இவர் ஸ்பானரை எடுக்கிறார்.