மேப்பில் மட்டும் ஒரு பாலம்

எல்லை மாவட்டத்துக்குப் போக ஆற்றின் மேல் பாலம் ஒன்று இருக்கிறது. சுகாதார அலுவலகச் சுவரில் மாட்டிய மேப்பில் இருக்கிறது. ஆற்றில் இல்லை. கல்வெட்டு வைத்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ பிடித்தார்கள். அப்புறம் கல்லைத் தவிர ஒரு செங்கல்கூட வரவில்லை.

இந்தப் புளுகுக்குப் பதினோரு வருஷமாகப் பலியாகிறவள் பெட்டியக்கா. தடுப்பூசி நர்ஸ். நீலநிற ஐஸ் பெட்டி தோளில் தொங்காமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் புருஷன், "நம்ம வீட்டு மூத்த பிள்ளை அந்தப் பெட்டிதான், அதுக்குத்தான் செல்லம் ஜாஸ்தி" என்பான்.

பாலம் வழியாக நாலு மணி நேரம், அதற்கு நாலு ஐஸ் பாக்கெட். இது அலுவலகக் கணக்கு. படகிலும் பஸ்ஸிலும் போனால் ஏழு மணி நேரம் ஆகிறது, ஆறு பாக்கெட்டாவது கொடுங்கள் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். பாலம் திறக்கப்பட்டுவிட்டதால் கோரிக்கை ஏற்கப்படவில்லை என்று மூன்று முறை பதில் வந்தது. செவிடன் காதில் சங்கு.

போன மாதம் மேலே மலைக்கிராமத்துக்குப் போய்ச் சேரும்போது மருந்துக் குப்பி கெட்டுவிட்டது. குப்பி மேல் வட்டத்துக்குள் ஒரு வெள்ளைச் சதுரம் இருக்கும். சூடு பட்டால் கருக்கும். கருத்ததைப் போட முடியாது. இருபத்திரண்டு பிள்ளைகளையும் திருப்பி அனுப்பினாள். இடுப்பில் குழந்தையோடு மலையேறி வந்த ஒருத்தி கேட்டாள்: "பெட்டியக் காட்டவா எங்கள இம்புட்டுத் தூரம் நடக்க வச்சே? இன்னும் ஒரு தடவ வருவோம். அதோட சரி."

அந்த ஒரு தடவை இன்றைக்கு.

எட்டு மணிக்குக் கிளம்பவேண்டிய படகு எட்டரைக்கும் கிளம்பவில்லை. படகின் நடுவில் ஒரு ஜீப் நிற்கும் இடம் காலியாகக் கிடந்தது. பெரிய ஆபீசர் போன் பண்ணியிருந்தாராம். அவர் வண்டி ஏறாமல் கயிற்றை அவிழ்க்கக் கூடாது என்பது அந்தத் துறையின் எழுதாத சட்டம். பெட்டியக்கா படகுக்காரரைப் பிடித்து உலுக்காத குறை. படகு லைசன்ஸ் ஆபீசர் கையில் இருக்கிறது, நான் என்ன செய்யட்டும் என்று அவர் தலையைச் சொறிந்தார். படகில் நாற்பது பேர் இருந்தார்கள். எல்லாரும் தண்ணீரைப் பார்த்தார்கள். அடிக்கிறவனைவிட இப்படி வாயில் கொழுக்கட்டை வைத்திருப்பவர்கள் மேல்தான் அவளுக்கு ஆத்திரம்.

"அக்கா, நீங்க கத்துனா ஐஸ் சீக்கிரம் உருகும்" என்றார் படகுக்காரர்.

"உருகட்டும் தம்பி. உங்களுக்கு முதுகெலும்பு உருகி எத்தன வருஷமாச்சு?"

பத்து மணிக்கு ஜீப் வந்தது. அக்கரையில் இறங்கியபோது, மலைக்குப் போகும் ஒரே பஸ் போய் அரைமணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெட்டியைத் திறந்தாள். பாக்கெட்டில் பாதி தண்ணீர். சதுரம் இன்னும் வெளுப்பாகத்தான் இருந்தது. மூடினாள். கரையேறிய ஜீப்பின் முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பெட்டி மடியில்.

ஆபீசர் திகைத்துப்போய், இது அரசாங்க வண்டி, ஆய்வுக்குப் போகிறது என்றார். என்ன ஆய்வு என்று கேட்டாள். பாலத்தின் பராமரிப்பு ஆய்வு என்றார். டிரைவர் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல்.

"பாலத்தப் பாக்கத்தானே வந்தீங்க?" பெட்டியக்கா ஆற்றைக் கைகாட்டினாள். "பாத்துக்கோங்க. இல்ல. ஆய்வு முடிஞ்சுது. இப்ப என்னை மேல கொண்டு விடுங்க."

படகில் வாயைத் திறக்காத நாற்பது பேரில் பாதிப் பேர் இப்போது ஜீப்பைச் சுற்றி நின்றார்கள். கோஷம் ஒன்றும் இல்லை. சும்மா நின்றார்கள், அவ்வளவுதான். ஆபீசர் பின்சீட்டில் ஏறினார்.

இரண்டரை மணி நேரக் கல்ரோடு. ஒவ்வொரு குழியிலும் பெட்டி ஆடாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். மேலே பள்ளிக்கூட வாசலில் பத்தொன்பது பிள்ளைகள். மூன்று பேர் வரவில்லை. அந்த மூன்று போன மாதத்தின் விலை. சதுரம் லேசாகத்தான் மங்கியிருந்தது. போடலாம்.

ஊசி எடுக்குமுன், ஐஸ் கணக்குக்கு ஆதாரமான பயணப் புத்தகத்தை ஆபீசரிடம் நீட்டினாள். யார் வண்டியில் வந்தாலும் அந்த வண்டிக்காரர் வந்த வழியை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பழக்க தோஷம், 'பாலம் வழி' என்று எழுத ஆரம்பித்தார். புத்தகத்தின் மேல் அவள் உள்ளங்கை விழுந்தது.

"எதுல வந்தீங்களோ அத எழுதுங்க சார்."

பிள்ளைகளின் தாய்மார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதியதை அடித்துவிட்டு, 'படகில்' என்று எழுதினார். முத்திரையும் குத்தினார்.

அடுத்த மாதம் ஆறு பாக்கெட் வந்தது. மேப்பில் பாலம் அப்படியே இருக்கிறது. வராத மூன்று பிள்ளைகளின் வீட்டை விசாரித்துக்கொண்டு இப்போது அவள் பஸ் நிற்கும் இடத்துக்கும் மேலே நடக்கிறாள். போகும் வழியெல்லாம் திட்டிக்கொண்டேதான் நடக்கிறாள்.