முதல் அத்தியாயத்துச் சிவப்பு எழுத்துகள்

பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் கம்ப்யூட்டர் புத்தகம் எழுதியதே அதிகப்பிரசங்கித்தனம். அது என்ன ஆனது என்று சொல்ல மறுபடியும் உட்கார்ந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. கோபத்தை எழுதித்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது.

நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் பில் போடுகிறேன். எங்கள் சாஃப்ட்வேரைச் செய்துகொடுத்தவர் வருவதை நிறுத்திவிட்டதால், அதை நானே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். அது ஒரு ஃபிரேம்வொர்க்கில் எழுதப்பட்டிருந்தது. வெப்சைட் கட்டுகிறவர்களுக்கு அஸ்திவாரமும் தூண்களும் தயாராகக் கொடுத்துவிடும் ஏற்பாடு அது. ஆனால் அதைச் சொல்லித்தரும் புத்தகங்கள் எல்லாம் ஒருநாளும் தப்புச் செய்யாதவர்களுக்காக எழுதப்பட்டவை. கட்டளையை அடி, பக்கம் வரும் என்பார்கள். எனக்கு வந்ததெல்லாம் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. என் மண்டையில் ஏறாது என்று அழுதிருக்கிறேன். கடைசியில் பார்த்தால், தவறான ஃபோல்டரில் நின்று கட்டளை கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். அதை ஒரு வரியில் சொல்ல அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதற்கு ஒரு புத்தகம் தமிழில் எழுத ஆரம்பித்தபோது நானும் அதே தப்பைத்தான் செய்தேன். எடப்பாடியில் இருக்கும் அண்ணன் மனைவியிடம் படித்துப் பார்க்கக் கொடுத்தேன். நங்கை என்று கூப்பிடுவேன். தறிக்கூடத்திலிருந்து போன் செய்தார்.

"அம்மணி, பையனோட லேப்டாப்பைக் கெடுத்துப்போட்டேன். ஒரே செவப்பா ஓடுது."

"ஒண்ணும் கெடலைங்க நங்கை. கடைசி வரியை மட்டும் படிங்க."

"எல்லாம் இங்கிலீசு. கடைசி வரி மட்டும் தமிழா இருக்குதாக்கும்?"

அவருக்காகவே முதல் அத்தியாயத்தைப் புதிதாக எழுதினேன். வேண்டுமென்றே தவறான ஃபோல்டரில் நின்று கட்டளை கொடுக்கச் சொன்னேன். சிவப்பு வரட்டும், எதுவும் கெட்டுவிடாது, இந்த வரியில் காரணம் இருக்கிறது, அதற்கு அர்த்தம் இது என்று படத்தோடு விளக்கினேன். நங்கை அதைச் செய்து பார்த்துவிட்டு, "வந்துருச்சு அம்மணி, செவப்பு வந்துருச்சு!" என்று தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினார். அதன்பிறகு புத்தகத்தில் அவர் எங்கேயும் தடுமாறி நிற்கவில்லை.

சேலத்தில் ஒரு பதிப்பாளர் புத்தகத்தை ஏற்றுக்கொண்டார். பள்ளிக்கூட கைடும் கல்யாணப் பத்திரிகையும் அடிக்கிறவர். சரிபார்க்கச் சொல்லி அவர் அனுப்பிய தாள்களில் முதல் அத்தியாயம் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ் ஏறிப் போய், ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஏம்மா, புஸ்தகத்தைப் பிரிச்சதும் நல்லதாத் தெரிய வேண்டாமா? மொதப் பக்கமே செவப்புல பிழைன்னு இருந்தா அபசகுனமில்லையா? கல்யாணப் பத்திரிகையை யாராச்சும் தடங்கல்னு போட்டு ஆரம்பிப்பாங்களா?"

"இது கல்யாணப் பத்திரிகை இல்லீங்க."

"நீங்க படிச்சது பன்னெண்டாவது. இதையும் போட்டா, எழுதுனவங்களுக்கே ஒண்ணும் தெரியலைன்னு சொல்லிருவாங்க. உங்க நல்லதுக்குத்தான் எடுத்தேன்."

என் நல்லதுக்கு! அத்தனை நாள் திரைக்கு முன்னால் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தது மொத்தமும் சத்தமாக வெளியே வந்தது. எதிரே தாள் மடித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முதல்முறையாக அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

"அந்த அத்தியாயம் இல்லாம புஸ்தகம் வேண்டாங்க. அது இல்லாத புஸ்தகம் ஊர்ல ஏற்கெனவே நெறைய இருக்குது."

"நாளைக்கு மெஷின்ல ஏத்தணும்மா. கோபத்துல பேசாதீங்க. ஊட்டுக்குப் போயி யோசிங்க."

"யோசிச்சுத்தான் எழுதுனேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி நாமக்கல் பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை ஆபீசில் இருந்தபோது அவர் போன் செய்தார். அந்த அத்தியாயத்தைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். புத்தகத்தின் கடைசிவரைக்கும் படித்து வந்தவருக்கு அது எதற்கு என்று கேட்டேன். முதலில் போடாவிட்டால் அச்சடிக்கவே வேண்டாம் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அவர் அச்சடிக்கவில்லை.