கம்பிக்கு வெளியே ஒரு பிறந்தநாள்

போன வாரம் மகள் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தாள். அமீரகத்து அல் ஐனில் வளர்ந்த பிள்ளை; பேசுவது தமிழ், ஆச்சரியப்படுவது ஆங்கிலம். அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன ஐரிஷ்காரர்களுக்கு வேலை இல்லை என்று வாசலிலேயே போர்டு மாட்டுவார்களாம். இத்தாலிக்காரர்களைக் கண்டால் ஆகாதாம். "வெள்ளைக்காரங்களையே வெள்ளைக்காரங்க இப்படிப் பண்ணாங்களாப்பா? ஸோ மீன்!" என்றாள். பக்கத்தில், தோழியின் பிறந்தநாளில் கொடுத்த கேக் துண்டு. அன்னாசி எசன்ஸ் வாசனை.

அந்த வாசனை வந்தால் எனக்குச் சவூதியின் தம்மாம் நகரம் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

அங்கே நான் ஏ.சி. டக்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ரூமில் பேரன் பேத்தி எடுத்தவர் ஒருவர் இருந்தார், அவரும் பேச்சுலர்தான். பெண்டாட்டி ஊரில் இருந்தால் வளைகுடாவில் அதுதான் பெயர். கடற்கரைப் பூங்காவில் ஃபேமிலிக்கு மட்டுமே அனுமதி என்று போர்டு இருக்கும். நம் ஆட்கள் வாசலில் நின்று, உள்ளே போகிற குடும்பங்களிடம், "அண்ணே, தம்பின்னு சொல்லிக் கூட்டிட்டுப் போங்களேன்" என்று கேட்பார்கள். இரக்கப்பட்டுக் கூட்டிப்போகிறவர்களும் உண்டு. உள்ளே போனதும் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம்.

எனக்கு அந்தக் கெஞ்சல் வேண்டியதில்லை என்று ஒரு மிதப்பு. கூடப் பிறந்த அக்காவே அந்த ஊரில் இருந்தாள். அத்தான் இன்ஜினியர். வீட்டுக்குப் போனால், "மாப்ளைக்கு இன்னொரு தோசை வை" என்பார்.

அக்கா மகனுக்கு அந்தப் பூங்காவில்தான் பிறந்தநாள். சட்டையை இஸ்திரி போட்டு, பொம்மைக் காரோடு போய் இறங்கினேன். காலில் மட்டும் கட்டட வேலைக்குப் போடும் சைட் ஷூ. வேறு ஷூ ஏது? வாசலில் நின்ற பாகிஸ்தான் பட்டாணியர், காவலாளி, "ஃபேமிலி?" என்றார். அக்கா உள்ளே இருக்கிறாள் என்றேன். சிரித்தார். எத்தனை பேருடைய அக்கா கதையைக் கேட்டிருப்பாரோ!

போன் போட்டேன். அத்தான் வந்தார். கூடவே அவருடைய மேனேஜரும் பேசியபடி வந்தார்.

"ஏ ஆப்கா ஃபேமிலி ஹை?" என்று காவலாளி என்னைக் காட்டிக் கேட்டார்.

அத்தான் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஷூவைப் பார்த்தார். பிறகு மேனேஜரை.

"நஹி. கம்பெனி ஆத்மி" என்றார். இல்லையாம், கம்பெனி ஆளாம்.

"கலாஸ்", அவ்வளவுதான் என்று காவலாளி கையை விரித்தார். அத்தான் பொம்மையை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் அக்கா வேலிக் கம்பி ஓரமாக வந்து, அன்னாசி கேக் வைத்த பேப்பர் தட்டை இடுக்கில் நீட்டினாள். "கோவிச்சுக்காதடா. பெரிய ஆளுக வந்திருக்காக, அதான்..." பின்னாலேயே ஓடி வந்த மருமகன், "மாமா, உள்ள வா" என்றான்.

"மாமாவுக்கு டூட்டி இருக்குடா" என்றேன்.

தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கலாம். ரோஷக்காரன் அதைத்தான் செய்வான். நான் கம்பிக்கு வெளியே நின்று, கிரீமைக்கூட விடாமல் வழித்துத் தின்றேன். அத்தான் சொன்னதைவிட அதுதான் இன்றும் எனக்குக் கூசுகிறது.

"நீங்க வந்தப்ப இங்கயும் அப்படி போர்டெல்லாம் இருந்துச்சாப்பா?" என்று மகள் கேட்டாள்.

"சேச்சே, இல்லம்மா."

அந்தப் பூங்காவை இடித்துவிட்டார்கள் என்று கேள்வி. இப்போது பல இடங்களில் போர்டும் இல்லை. அத்தான் ஓய்வுபெற்று ஊரில் இருக்கிறார், போனில் "மாப்ளே, எப்ப வர்ற?" என்று வாஞ்சையாகத்தான் கேட்கிறார். நானும் வாஞ்சையாகத்தான் பதில் சொல்கிறேன்.

நேற்று மகளோடு பூங்காவுக்குப் போனேன். எந்தப் பூங்கா என்றாலும் வாசல் வந்ததும் என் கை அவள் கையைப் பிடித்துக்கொள்ளும். பாசம் என்று அவள் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். நேற்று மகள் கையை உருவிக்கொண்டாள். "விடுங்கப்பா, நான் என்ன பேபியா?" என்று முன்னால் ஓடிவிட்டாள்.

வாசலில் யாரும் என்னைத் தடுக்கவில்லை. ஆனாலும் நான் நின்றுவிட்டேன்.

"க்யா ஹுவா, பாய்? ஆவோ" என்று காவலாளி சிரித்தபடி உள்ளே கூப்பிட்டார்.

உள்ளே ஓடும் மகளைக் காட்டி, "ஃபேமிலி அந்தர் ஹை" என்றேன்.