மூன்றாம் முடக்கின் ஹோன்

வட்டகொடைக்கு மேலே, தேயிலை மலைப்பாதையில் நான் பஸ்ஸுக்குக் காத்திருந்த தேத்தண்ணிக் கடை வாசலில்தான் அவரைப் பார்த்தேன். சிவப்பு சூப்பர் காரின் சொந்தக்காரர். பேசும்போதெல்லாம், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் அதன் பொனட்டில் உள்ளங்கையை வைத்துக்கொள்வார்.

“கொழுந்துச் சாக்கு ஒண்ணு வைக்க எடமில்ல, இது எதுக்குங்க?” என்றார் கடைக்காரர்.

“ஓட்டிப் பாத்தா தெரியும்ங்க.”

கார்களைப் பற்றி நிறையப் படித்தவன் நான். சும்மா இருந்திருக்கலாம். “இந்த கார்பன் பிரேக் சூடேறாம சரியா புடிக்காதே?” என்றேன்.

“கம்ப்யூட்டர் பாத்துக்கும் சேர்.”

“அப்ப ஓட்டுறது அதுதானே? நீங்க எதுக்கு?”

கடையே சிரித்தது. அவர் முகம் சிவந்தது. ஏறி உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்தினார். “கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிட்டேன் சேர். இப்ப நான்தான் ஓட்டுறேன்.”

கார் மூடுபனிக்குள் இறங்கியது. எதிரே வருவது தெரியாத வளைவுகள் என்பதால் இங்கே முடக்குக்கு முடக்கு ஹோன் அடிப்பார்கள். முதல் முடக்கில் கேட்டது. இரண்டாவதிலும் கேட்டது. மூன்றாவதில் கேட்கவில்லை. கடைக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார். பிரேக்கைப் பற்றி நான் சொன்னது பொய்யாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்து, கீழே வட்டகொடை ஸ்டேஷன் பக்கமிருந்து அதே காரின் ஹோன் நீளமாகக் கேட்டது. பத்திரமாக இறங்கிவிட்டார்; ஆனால் அந்த ஹோனில் அவர் என்னைத் திட்டினாரா, தேற்றினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.