ரம்பம் பிடித்த சாமிகள்

அந்த வருஷம் மகரஜோதிக்கு மாலை போட்டிருந்தேன். நிலக்கரி மைன்ஸில் வேலை, குவார்ட்டர்ஸில் குடும்பம், சாயங்காலம் பஜனை என்று ஐயப்பன் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லை. மார்கழி பாதியில் புயல் அடித்தது. ரோடு திறந்ததும் முத்தாண்டிக்குப்பம் பக்கம் போனோம், நானும் எங்கள் குருசாமியும். எங்கள் தெருவுக்கு முந்திரிப்பருப்பு கொண்டு வருகிற அம்மா ஒருவர் அங்கே இருந்தார். என்ன ஆனாரோ என்று மனசு அடித்துக்கொண்டது.

வீட்டுக்காரர் போனபிறகு அந்த அம்மாவும் ஓரகத்தியும் சின்ன முந்திரித்தோப்பை வைத்துத்தான் பிழைத்தார்கள். தோப்பு முழுக்கச் சாய்ந்து கிடந்தது.

"நாளைக்கு வெறகு வியாபாரி வர்றாரு சாமி. மொத்தமா வேரோட பேத்துக்கினு போறேன்றாரு. பாதி மரத்துக்கு ஒரு பக்கத்து வேரு மண்ணுலதான் இருக்குது. கிளைய கழிச்சி, நிமித்தி, முட்டு குடுத்தா துளிரு வுடும். ஆளு எங்க கெடைக்குது? ஊரே அவங்கவங்க சாஞ்ச மரத்தோட கெடக்குது."

புதுசாக வைத்தால் காய்ப்புக்கு வருஷக்கணக்காகக் காத்திருக்கவேண்டும். குருசாமி யோசிக்கவே இல்லை. "குடுத்துடாதீங்கம்மா. நாங்க வர்றோம்" என்றார்.

மறுநாள் முதல் ஷிஃப்ட் முடிந்ததும் பஜனைக் கோஷ்டி மொத்தமும் கறுப்பு வேட்டியோடு தோப்பில் இறங்கினோம். காலையில் வந்த வியாபாரியைப் பொங்கல் கழித்து வரச்சொல்லி அந்த அம்மா அனுப்பியிருந்தார். மாலை போட்டால் யாரையும் சாமி என்றுதான் கூப்பிடவேண்டும்.

"சாமி, கயித்த இழுங்க சாமி!"

"சாமி, என் கால் மேல நிக்கிறீங்க சாமி!"

அந்த அம்மா சிரித்துவிட்டார். "திட்டறதுக்கும் சாமிதானா?"

"மலைக்குப் போய்ட்டு வந்து சேர்த்துத் திட்டிக்கறோம்மா!"

நானும் இன்னொரு சாமியும் பெரிய ரம்பத்தின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு பலமாகத் தள்ளினோம். அசையவே இல்லை. ஓரகத்தி இடுப்பில் கை வைத்து நின்றார். "ரெண்டு பேரும் தள்ளினா எப்பிடி அறுக்கும்? ஒருத்தரு இழுங்க! இப்பிடித்தான் கரி வெட்றீங்களா மைன்ஸ்ல?"

இழுத்தோம். அறுத்தது.

இருட்டுவதற்குள் மரங்களை நிமிர்த்தி முட்டுக் கொடுத்தாயிற்று. கிளம்பும்போது குருசாமி, "நாளன்னிக்கு எங்க அன்னதானம். ரெண்டு பேரும் சாப்பிட வாங்க" என்றார்.

அந்த அம்மா தயங்கினார். "வர்றோம் சாமி. சாப்ட்டுட்டு மறுபடி இந்த மண்ணத்தான பாக்கணும்? மரத்துக்கு நடுவுல மல்லாட்ட போட்டா சித்திரையில கைக்கு வரும். வெதை எல்லாம் மழையில ஊறி பூசணம் பூத்துப்போச்சி."

மல்லாட்டை என்றால் அங்கே வேர்க்கடலை. அன்று ராத்திரி குருசாமி பஜனையில் எழுந்து சொன்னார்: அன்னதானத்துக்கு வாங்கிவைத்த அரிசி மூட்டைகளைக் குறிஞ்சிப்பாடி மண்டியில் கொடுத்துவிட்டு மல்லாட்டை விதை வாங்கலாம்.

"வருஷாவருஷம் போடறது. நிறுத்தினா தெய்வக் குத்தம் சாமி" என்றார் ஒருவர். எனக்கும் பயம்தான்.

"யாரு நிறுத்தறது? ஒரு பானை சர்க்கரைப் பொங்கல் வெச்சு படைப்போம். மீதி அன்னத்த அந்த அம்மா வெளைய வெச்சு சாப்பிடட்டும். ஐயப்பனுக்குத் தெரியாதா?"

சரணம் சொன்னோம். விதை போய்ச் சேர்ந்தது. நாங்கள் இருமுடி கட்டி மலைக்குப் போனோம். அங்கே எனக்கென்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அந்த முட்டுகள் நின்றால் போதும் என்றுதான் கும்பிட்டேன்.

திரும்பி வந்து மாலை கழற்றி, முகம் மழித்து, அரவணைப் பிரசாதத்தோடு தோப்புக்குப் போனோம். அந்த அம்மா முறைத்தார். "யாரு? வெறகு கேக்கறவங்களா? குடுக்கறதில்ல, போங்க!"

குருசாமி பிரசாதத்தை நீட்டினார். "அய்யய்யோ, சாமிங்களா! தாடி இல்லாம யாருக்குத் தெரியுது!"

சில மரங்கள் பட்டுப்போயிருந்தன. மற்றதில் எல்லாம் செம்பு நிறத்தில் கொழுந்து. ஓரகத்தி என் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஒவ்வொன்றாகக் காட்டினார். அப்போது நிஜமாகவே விறகு வியாபாரி லாரியோடு வந்தார்.

"என்னம்மா, ஏத்திக்கட்டுமா?"

"பட்டத மட்டும் ஏத்துங்க. துளிர்த்ததுல கை வெக்காதீங்க."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு வண்டியைப் பின்னால் எடுத்தார். அந்த அம்மா புடவையைச் செருகிக்கொண்டு ஓடினார்.

"யோவ், பாத்து, பாத்து! மல்லாட்ட மொளச்சிருக்குது!"